எல்.கே.ஜி. சீனியாரிட்டி

எழில்மதிக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு அனல்மின் நிலையத்துக்குப் பழுப்பு நிலக்கரியே தேவைப்படாது. கொதிகலனுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, தலைமையாசிரியர் கலியமூர்த்தியின் பெயரைக் காதில் ஒரு தரம் சொன்னால் போதும். நெய்வேலி டவுன்ஷிப் என்ன, தென்னிந்தியா முழுக்க விளக்கெரியும், மிச்சத்தை இலங்கைக்கு விற்கலாம்.

அந்தக் கோபம் மூண்டது இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஜூலை மாதத்தில். டவுன்ஷிப்புக்குள் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு வரை பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். அங்கே வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து இந்தப் பள்ளியே ஆள் விட்டுக் கூப்பிட்டு, பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொண்டது. அப்பா ராமலிங்கம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் கரி அள்ளிப் போடும் காண்ட்ராக்ட் ஆள். எழில்மதி பிறந்த அன்றும் காண்ட்ராக்ட், அவள் பெரியவளான அன்றும் காண்ட்ராக்ட்.

அகில இந்திய அறிவியல் வினாடி வினாவுக்குப் பள்ளியிலிருந்து ஓர் அணி போக வேண்டும். அணிக்கு மேடையில் இரண்டு நாற்காலிகள், பின்னால் ஒரு ஸ்டூல். நாற்காலியில் இருப்பவர்கள் பஸ்ஸரை அமுக்கலாம், பதில் சொல்லலாம். ஸ்டூலில் இருப்பது ரிசர்வ். அது முன்னால் இருப்பவர்களின் காதில் கிசுகிசுக்கலாமே தவிர, வாய் திறந்து பேசக் கூடாது. போட்டியின் நடுவில் ஒரே ஒரு முறை ரிசர்வ் ஆள் நாற்காலிக்கு மாறலாம். மாறினால் மாறியதுதான்.

அணியைத் தேர்ந்தெடுக்கப் பள்ளியில் பரீட்சை வைத்தார்கள். எழில்மதி முதலிடம். சும்மா முதலிடம் இல்லை. இரண்டாம் இடத்தில் வந்த அகிலாவைப் பார்க்கவே தொலைநோக்கி தேவைப்பட்டது. சசிகுமார் என்கிற பையன் எத்தனையாவது இடம் என்பதை விண்வெளி ஆராய்ச்சிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை பிரேயரில் அறிவித்தார்கள். அணித் தலைவர் சசிகுமார். உடன் அகிலா. ரிசர்வ் எழில்மதி.

பிரேயர் முடிந்து கூட்டம் கலைவதற்குள் அவள் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"சார், டெஸ்ட்ல நாந்தான சார் ஃபர்ஸ்ட்டு?"

"யாரும்மா இல்லைன்னது?" என்றார் கலியமூர்த்தி, மிகுந்த அன்போடு.

"அப்பறம் எனக்கு மட்டும் ஏன் சார் ஸ்டூலு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஊர்ல எதுக்கும் ஒரு மொற இருக்கு. குவார்ட்டர்ஸ் எப்படித் தராங்க? சீனியாரிட்டி. பிரமோஷன் எப்படி? சீனியாரிட்டி. கிளப்புல கேரம் போர்டுக்குக் கூட சீனியாரிட்டிதான். சசிகுமார் நம்ம ஸ்கூல்ல எல்.கே.ஜி.லேர்ந்து இருக்கான். அகிலாவும் எல்.கே.ஜி. நீ எப்பலேர்ந்து?"

"பிளஸ் ஒன்னு சார்."

"பாத்தியா? சர்வீஸ் பத்தாதும்மா."

"அப்ப, கேள்விய எழுதின ஆளே வந்து நின்னாலும் அவருக்கும் ஸ்டூலுதானா சார்?"

"அவரு எல்.கே.ஜி. எங்க படிச்சாருன்னு பாக்கணும்" என்றார் கலியமூர்த்தி. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மனிதர் பல வருடங்களாகப் 'பொறுப்புத்' தலைமையாசிரியராகவே இருந்து, அந்தப் பொறுப்பு என்ற சொல் என்றைக்கு உதிரும் என்று தினமும் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர். சீனியாரிட்டி அவருக்குக் குலதெய்வம். "இன்னொன்னு. கேள்வி பதிலெல்லாம் இங்கிலீஷ்ல. ஒன் ப்ரனன்சியேஷன் வடக்கேர்ந்து வர்றவங்களுக்குப் புரியாது. நீ பின்னாடி இருந்து சொல்லு, அவங்க முன்னாடி அழகாச் சொல்லுவாங்க. எல்லாம் ஒரே டீம்தான?"

அன்று இயற்பியல் வகுப்பில் கரண்ட் போய்விட்டது. ஆனாலும் எழில்மதியின் தலைக்கு மேலிருந்த மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்ததாகப் பக்கத்து பெஞ்சுப் பெண்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். ராமலிங்கம் சாப்பாட்டிலிருந்து நிமிரவில்லை.

"குடுத்த எடத்துல வாய மூடிகினு குந்து. ஸ்டூலாவது குடுத்தானுங்களே."

"வாய மூடிகினு குந்துனா அவனுங்க தோத்துப் பூடுவானுங்கப்பா. நா சொல்லணும், அவன் அதத் திருப்பிச் சொல்லணும். பேரு அவனுக்கு."

"நானும் மாடசாமி அண்ணனும் ஒரே பெல்ட்டுலதான் நிக்கிறோம். அவரு பர்மனென்ட்டு, நா காண்ட்ராக்ட்டு. பெல்ட்டுக்குத் தெரியுமா எது யாரு அள்ளிப் போட்ட கரின்னு? நா என்னா தெனிக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினா போறன்?"

"நீ தூக்கி வெச்சிகினு போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் எழில்மதி.

"இந்த வாய்க்கு ஸ்டூலே அதிகம்" என்றாள் அம்மா தனம், ரசம் ஊற்றிக்கொண்டே.

ராமலிங்கம் சொன்ன மாடசாமி, அகிலாவின் அப்பா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் ஆபரேட்டரானவர். சசிகுமாரின் அப்பா பெரிய என்ஜினீயர், பங்களா குவார்ட்டர்ஸ்.

முதலில் சென்னையில் மாநிலப் போட்டி. நடத்துநர் கேள்வியை முடிப்பதற்குள் ஸ்டூலிலிருந்து பதில் புறப்பட்டு அகிலாவின் காதுக்கோ சசிகுமாரின் காதுக்கோ போய்ச் சேர்ந்துவிடும். அகிலாவுக்குப் பாதிக்கு மேல் அவளுக்கே தெரியும். சசிகுமார் கிடைத்ததை அப்படியே சொல்வான், பொருள் தெரியாத சுலோகம் சொல்வதைப் போல, ஆனால் மிக நல்ல உச்சரிப்போடு. எந்தக் கோளில் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம் என்று கேட்டார்கள். எழில்மதி "வீனஸ்" என்றாள். சசிகுமார் "வீனஸ்!" என்று முழங்கிவிட்டு, கைதட்டலுக்கு நடுவே பின்னால் திரும்பி, "அதெப்படி, நாள் எப்படி வருஷத்த விடப் பெரிசா இருக்கும்?" என்று கேட்டான்.

"அப்புறம் சொல்றன், மூஞ்சிய முன்னாடி வையி" என்றாள்.

சென்னையில் ஜெயித்தார்கள். ஐதராபாத் தென் மண்டலப் போட்டியிலும் ஜெயித்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. சசிகுமார், அகிலா, அவர்களுக்கு நடுவில் கலியமூர்த்தி. ஓரத்தில் எழில்மதியின் முழங்கை மட்டும். தனம் அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனாள். "இதோ பாரு, இது எம்பொண்ணு முழங்க." தெருவே அந்த முழங்கையைப் பார்த்து வியந்தது. அன்று எழில்மதி பார்த்த பார்வையில் வாசலில் காயப்போட்ட வடகம் பத்து நிமிஷத்தில் காய்ந்து பொரிந்தே போயிற்று.

தேசிய இறுதிப் போட்டி அந்த வருடம் நெய்வேலிக்கே வந்தது. வருடத்துக்கு ஒரு மண்டலமாக, அங்கே ஜெயித்த பள்ளியின் ஊரில் இறுதிப் போட்டி நடத்துவது அந்தப் போட்டிக்காரர்களின் வழக்கம், அந்த வருடம் தெற்கின் முறை. டவுன்ஷிப்பே கல்யாண வீடாகிவிட்டது. ரவுண்டானாவிலிருந்து மண்டபம் வரை தட்டி. தட்டியில் சசிகுமாரின் தலை மட்டும் ஒரு பங்களா அளவுக்கு இருந்தது.

இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் எழில்மதி மறுபடியும் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். இந்த முறை அகிலாவும் கூட வந்தாள்.

"சார், ரூல்ஸ்ல ஒரு தடவ மாத்திக்கலாம்னு இருக்கு. பாதியிலயாவது எழில ஒக்கார வைங்க சார்" என்றாள் அகிலா.

"படிப்படியா பரிசீலிப்போம்" என்றார் கலியமூர்த்தி.

"நாளைக்கு ஃபைனலு சார். எந்தப் படியில பரிசீலிப்பீங்க?" என்று கேட்டாள் எழில்மதி.

"அடுத்த வருஷம் பாக்கலாமே."

"அடுத்த வருஷம் நா இந்த ஸ்கூல்லயே இருக்க மாட்டன் சார். பிளஸ் டூ முடிஞ்சிடும்."

கலியமூர்த்தி யோசித்தார். "ஆமால்ல" என்றார். அத்தோடு டீ வந்துவிட்டது.

வெளியே வந்ததும் எழில்மதி வேப்பமரத்தடியில் நின்றாள். சின்ன வயதிலிருந்து சுரங்க வாசலில் தொழிற்சங்கத்தின் கேட் மீட்டிங்குகளை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள். கோரிக்கை வைத்தாயிற்று. பேச்சுவார்த்தை முடிந்தாயிற்று. அடுத்தது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாளைக்கு நா வாயத் தொறக்க மாட்டன்டி."

அகிலாவுக்குப் பகீரென்றது. "ஏய், நானும்தானடி அங்க ஒக்காந்திருக்கேன்!"

"ஒனக்குத் தெரிஞ்சத நீ சொல்லு. அவனுக்குத் தெரிஞ்சத அவன் சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சது எங்கிட்டயே இருக்கட்டும்."

"நான் எந்திரிச்சி ஒனக்கு எடம் தரேன். நீ ஒக்காரு."

"ஒன் எடம் எனக்கு எதுக்குடி? நீ ரெண்டாவது வந்தவ, ஒனக்கு அது பாத்தியம். எனக்கு எம் பாத்தியம்தான் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எள் விழ இடமில்லை. எள்ளை விடுங்கள், எள்ளின் நிழல் விழ இடமில்லை. டவுன்ஷிப்பின் எல்லா பிளாக்குகளிலிருந்தும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் சசிகுமாரின் அப்பாவும் கலியமூர்த்தியும். மூன்றாவது வரிசையில் மாடசாமி, துண்டும் விசிறியுமாக. மேடையில் நான்கு திசையிலிருந்து வந்த நான்கு அணிகள். அவற்றில் பயங்கரமானது அசாமிலிருந்து வந்த இரட்டைச் சகோதரிகளின் அணி. ஒருத்தி மூச்சை இழுத்தால் மற்றவள் விடுவாள், அவ்வளவு ஒற்றுமை.

போட்டி தொடங்கியது. நெய்வேலிக்கு முதல் கேள்வியாக, முதலையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேட்டார் டெல்லிக்காரரான நடத்துநர்.

சசிகுமார் வழக்கம்போல் காதைப் பின்னால் சாய்த்தான். காது காலியாகவே திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தான். நாற்காலியின் பின்னங்கால் இரண்டும் முனகின.

"சொல்லு" என்றான் பல்லிடுக்கில்.

எழில்மதி மண்டபத்துக் கூரையை ரசித்துக்கொண்டிருந்தாள். வாய் தைத்தது போல் இருந்தது. நாலு, நாலு, நாலு என்று அந்த வாய்க்குள்ளே பதில் கோழிக்குஞ்சு மாதிரி கத்திக்கொண்டிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நைன்" என்றான் சசிகுமார். மிக நல்ல உச்சரிப்பு.

அடுத்து அகிலா இரண்டு பதில்களைச் சொந்தமாகச் சொல்லி மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றினாள். ஆனால் சசிகுமாரின் முறை வரும்போதெல்லாம் அணி சுரங்கத்தில் இறங்கியது. சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகம் எது என்ற கேள்விக்கு அவன் "வாட்டர்" என்றபோது, மாடசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கலியமூர்த்தி முன்வரிசையிலிருந்து எழில்மதிக்குக் கையால் காட்டினார், கண்ணால் காட்டினார், கடைசியில் புருவத்தால் ஒரு பரதநாட்டியமே ஆடினார். அவள் பார்வை அவரைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போயிற்று. இரண்டு சுற்று முடிந்தபோது நெய்வேலி நான்காவது இடத்தில் இருந்தது. இருந்ததே நான்கு அணிகள்தான்.

அகிலா திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. எழில்மதிக்கு வாயைத் திறந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில்தான் சசிகுமார் திரும்பி, "ஒன் வேலையச் செய்யேன்" என்றான்.

அது யார் வேலை? அவள் வாய் மறுபடி பூட்டிக்கொண்டது.

அப்போது மணி இரண்டு. மின் நிலையத்தில் சங்கு ஊதியது.

நெய்வேலியை அறியாதவர்களுக்கு அந்தச் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கும்போது ஊதும் சைரன் அது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மதிய வகுப்புக்குத் தனியாக மணி அடிப்பதே கிடையாது. சங்குதான் மணி. சங்கு தொடங்கியதும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து விறைப்பாக நிற்க வேண்டும், அது ஓய்ந்து ஆசிரியர் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். எல்.கே.ஜி.யில் கால் ஊன்றத் தெரியாத குழந்தைகளுக்கு முதலில் கற்றுத்தரும் பாடமே அதுதான், 'அ' அதற்கப்புறம். அங்கே படித்தவன் கல்யாண மேடையில் இருந்தாலும் இரண்டு மணிச் சங்குக்கு எழுந்துவிடுவான். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றவனும் உண்டு.

சங்கு ஊதியதும் மண்டபமே எழுந்தது. இப்போது படிப்பவர்கள், எப்போதோ படித்தவர்கள், அவர்களைப் பார்த்துப் பழகிய பெற்றோர்கள், எல்லோரும். முன்வரிசையில் கலியமூர்த்தி கொடிமரம் போல நின்றார். மேடையில் சசிகுமாரும் அகிலாவும் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, இரண்டடி முன்னால் வந்து நின்றார்கள். அசாம் சகோதரிகள் பூகம்பம் என்று நினைத்து மேஜைக்கடியில் போய்விட்டார்கள். நடத்துநர் இந்த மாநிலத்தின் வாழ்த்துப் பாடல் இப்படித்தான் இருக்குமாக்கும் என்று எண்ணி மரியாதையாகத் தலை குனிந்தார்.

எழில்மதி மட்டும் எழவில்லை. ஒன்றரை வருடத்தில் அந்தப் பழக்கம் அவள் எலும்புக்குள் இறங்கியிருக்கவில்லை. சர்வீஸ் பத்தாது.

அவளுக்கு நேர் எதிரே சசிகுமாரின் நாற்காலி காலியாக இருந்தது. அவ்வளவு பக்கத்தில் அது காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. எழுந்தாள், ஒரு எட்டு வைத்தாள், உட்கார்ந்தாள். பஸ்ஸர் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

சங்கு ஓய்ந்தது. முப்பது வருடப் பழக்கம் யாரை விட்டது? கலியமூர்த்தி கம்பீரமாக, "சிட் டவுன்!" என்றார்.

மண்டபமே உட்கார்ந்தது. சசிகுமாரும் உட்காரப் போனான். நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் எழில்மதி இருந்தாள்.

"எந்திரி" என்றான்.

"சாரு இப்பதான் ஒக்காரச் சொன்னாரு. கேக்கல?"

"அது என் சீட்டு."

"அப்ப ஏன் எந்திரிச்ச?"

சசிகுமார் வழக்கம்போல் காதைப் பின்னால் சாய்த்தான். பின்னாலிருந்து சொல்ல ஆள் இல்லை.

நடத்துநர் ஆங்கிலத்தில் கேட்டார்: "நெய்வேலி அணி, மாற்று ஆளை இறக்குகிறீர்களா?"

"யெஸ் சார்!" என்றாள் எழில்மதி. அவள் உச்சரிப்பு டெல்லிக்காரருக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் டெல்லிக்கே கேட்டிருக்கும்.

"நோ! நோ! நோ!" கலியமூர்த்தி மேடையை நோக்கி ஓடினார். "கேப்டன் அவன்! சீனியர் அவன்! நீ எந்திரிம்மா மொதல்ல!"

"சார்வாள்!" மூன்றாவது வரிசையிலிருந்து மாடசாமியின் குரல் வந்தது. தோண்டும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல், மண்டபத்தில் குழாய் விளக்குகள் இரண்டு கண் சிமிட்டின. "கொஞ்சம் நில்லுங்க. சங்கு ஊதிச்சா?"

"ஊதிச்சு, அதுக்கென்ன?"

"இருந்தவன் எந்திச்சானா?"

"எந்திரிச்சான், ஆனா..."

"ரிலீவர் வந்து இருந்தாச்சா? அப்புறம் என்னவே ஆனா ஆவன்னா? ரிலீவர் வராம மிஷின விட்டு எறங்கக் கூடாது. வந்துட்டா மறுபடி ஏறக் கூடாது. எந்திச்சவன் திரும்பி இருந்ததா மைன்ஸ்ல சரித்திரமே கெடையாதுல்லா!"

மண்டபம் அதிர்ந்தது. அடுத்த ஷிஃப்டுக்கு வந்து பொறுப்பேற்கும் ஆள்தான் ரிலீவர், அந்த விதியில் வளர்ந்த ஊர் அது. ஓடும் இயந்திரத்தை ஆள் இல்லாமல் விடுவதும் குற்றம், ஒரே இயந்திரத்தில் இரண்டு பேர் ஏறுவதும் குற்றம். கடவுள் இல்லை என்று சொல்கிறவர்கள் கூட அங்கே ரிலீவர் விதியை ஒப்புக்கொள்வார்கள். "சரிதான்! சரிதான்!" என்று பின்வரிசைகள் கத்தின. கலியமூர்த்தி ஆதரவு தேடிச் சசிகுமாரின் அப்பாவைப் பார்த்தார். அந்த விதியை மீறிய ஆட்களுக்கெல்லாம் மெமோ கொடுத்துக் கை ஓய்ந்தவர் அவர். மேலே சுற்றும் மின்விசிறியில் அவருக்குத் திடீரென்று மிகுந்த ஆர்வம் உண்டாகிவிட்டது.

நடத்துநர் விதியைப் பார்த்தார். "மாற்றம் ஏற்கப்பட்டது" என்றார்.

சசிகுமார் ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். அழுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் காலை நீட்டிக்கொண்டு, "அப்பாடா" என்றான். அகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் டவுன்ஷிப் டீக்கடைகளில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மூன்று இதயமும் நீல ரத்தமும் உள்ள பிராணி எது? ஆக்டோபஸ். அந்த நீலம் எதனால்? தாமிரத்தால். நிலாவில் ஏன் சத்தம் கேட்காது? காற்று இல்லாததால். எழில்மதி ஒன்று சொல்வாள், அகிலா ஒன்று சொல்வாள், நடத்துநருக்கு மூச்சு வாங்கியது. உச்சரிப்பு வடக்குத்து உச்சரிப்புதான். ஒரு வார்த்தைக்குக்கூட அவர் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கவில்லை. கலியமூர்த்தி ஒவ்வொரு பதிலுக்கும் கைதட்டுவதா கோபப்படுவதா என்று தெரியாமல், ஒரு கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து ராமலிங்கம் அப்போதுதான் உள்ளே நுழைந்தார், முகமெல்லாம் கரித்தூளாக. மேடையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எப்பலேர்ந்து அங்க குந்திகினு இருக்குது?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

"ரெண்டு மணி ஷிஃப்ட்லேர்ந்துங்க" என்றார் அவர்.

நான்காவதிலிருந்து மூன்றாவது, மூன்றாவதிலிருந்து இரண்டாவது. கடைசிக் கேள்வி வந்தபோது அசாமும் நெய்வேலியும் சமம். அதுவரை முறை வைத்துக் கேட்டார்கள், இந்தக் கேள்விக்கு மட்டும் பஸ்ஸரை முதலில் அமுக்குபவருக்கே வாய்ப்பு. சூரியனில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு பூமியில் கண்டெடுக்கப்பட்ட வாயு எது என்று கேள்வி வந்தது. நடத்துநர் 'சூரியனில்' என்று சொன்னபோதே எழில்மதிக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஹீலியம். கட்டைவிரலுக்கு உத்தரவு போயிற்று. ஆனால் ரிசர்வ் ஆள் பஸ்ஸரைத் தொடக் கூடாது என்று பயிற்சியிலும் அவளைத் தொட விட்டதே இல்லை. அது எவ்வளவு அழுத்தினால் ஒலிக்கும் என்று அந்தக் கட்டைவிரலுக்கு எப்படித் தெரியும்? பட்டன் பாதி இறங்கியது, முழுதாக இறங்கவில்லை. மறுபடி அமுக்குவதற்குள் அசாமிலிருந்து ஒலித்தது.

"ஹீலியம்" என்றார்கள் சகோதரிகள், ஒரே குரலில்.

நெய்வேலிக்கு இரண்டாமிடம். அகில இந்தியாவில் இரண்டாமிடம்! மண்டபத்தின் கூரை கிளம்பி மந்தாரக்குப்பத்தில் போய் விழுந்தது. வெளியே சரவெடி. பரிசு வாங்கக் கூப்பிட்டபோது கலியமூர்த்தி சசிகுமாரின் முதுகில் கை வைத்து மேடை நடுவுக்குத் தள்ளினார்.

"போடா, நீதான கேப்டன்."

"இல்ல சார். நான் அப்பவே ரிலீவ் ஆயிட்டேன்" என்றான் சசிகுமார். ஸ்டூலை விட்டு அசையவில்லை.

அப்படியாகக் கேடயத்தை எழில்மதியும் அகிலாவும் வாங்கினார்கள். இந்த முறை படத்தில் முழங்கை மட்டுமில்லை, முழு ஆளும் விழுந்தாள். ஆனால் அந்தப் படத்தில் ஊரே சிரிக்கும்போது அவள் மட்டும் எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளூர் கேபிள் டிவிக்காரர்களிடம் கலியமூர்த்தி, "இந்த வெற்றிக்கெல்லாம் அஸ்திவாரம் எல்.கே.ஜி.லேர்ந்து நாங்க குடுக்குற பயிற்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. ராமலிங்கம் மேடைக்கருகே வந்தார். கரி ஒட்டிய கையால் கேடயத்தைத் தொடலாமா என்று தயங்கினார்.

"தொடுப்பா" என்றாள்.

தொட்டார். "இந்தியாவுலயே ரெண்டாவதாமே. இன்னும் என்னாத்துக்கு மூஞ்சிய அப்படி வெச்சிகினு இருக்கற?"

"ஒரு ஆளுக்காவது கோவம் வருதா பாருப்பா. தோத்துட்டு வெடி வெடிக்கிறானுங்க."

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ ஜெயிச்சீங்க. அப்பயும் இதே மூஞ்சிதான?"

"அப்ப ஜெயிச்சது அவனுங்க. இப்ப தோத்தது நானு" என்றாள் எழில்மதி. "பதிலு தெரியும்பா. வெரலுக்குத்தான் தெரியல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அத அமுக்க உட்டிருந்தா..."

ராமலிங்கம் அவளுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் எந்த ஆபீசர் முன்னாலும் இவ்வளவு சத்தமாக அவர் பேசியதில்லை.

"சார்! ஏன் சார் எம்பொண்ண அத அமுக்க உடல?"

டிவிக்காரர்களின் கேமரா அப்படியே திரும்பியது. கலியமூர்த்தி வாயைத் திறந்தார், மூடினார். அன்று மாலை முழுக்க அந்த வாய் திறந்து திறந்து மூடியதே தவிர, ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை.